இறக்கைக்குள் ஒளிந்த வால்

மாசி மாதத்துக் காலை. ஓட்டப்பிடாரத்துக்கு வெளியே, உளுந்து பிடுங்கி முடிந்த கரிசல் காட்டில் நானும் அக்கா மகனும் நிற்கிறோம். அவன் கையில் ஒரு விமானம். இந்த முனைக்கும் அந்த முனைக்கும் ஒரு மீட்டர். எடை 600 கிராம். விமானம் என்றதும் மனத்தில் வரும் நீண்ட உடம்பு இதற்கு இல்லை. வாலும் இல்லை. பின்னோக்கிச் சாய்ந்த இரண்டு இறக்கைகளை நடுவில் ஒட்டினால் என்ன வருமோ, அதுதான் மொத்த விமானமும். பின்விளிம்பில் ஒரு சிறிய மோட்டார், அதில் சாண் நீளத்துக்கு ஒரு விசிறி.

ஆடு பத்திக்கொண்டு வந்த பெரியவர் ஒருவர் தொரட்டியை ஊன்றி நின்று அதையே பார்த்தார். “ஏ தம்பி, பட்டத்துக்கே வாலு வேணும். வாலு இல்லாம இது எப்படி நிக்கும்?” என்று கேட்டார்.

விமானம் செய்கிறவர்களை நூறாண்டுக்கு மேலாக உறங்கவிடாத கேள்வி அது. பழைய சேலையைக் கிழித்து வால் கட்டாத பட்டம் கரணமடித்து விழுவதைப் பார்க்காத பிள்ளை இந்தப் பக்கத்தில் இருக்க முடியாது. வாகைக்குளத்தில் வந்து இறங்கும் சென்னை விமானத்துக்கு வால் உண்டு. பருந்துக்கும் காகத்துக்கும் உண்டு. எங்கள் கையில் இருந்ததற்கு மட்டும் இல்லை. இந்த வகை விமானத்துக்குப் ‘பறக்கும் இறக்கை’ என்று பெயர். வால் செய்ய வேண்டிய வேலைகள் எல்லாமே இதிலும் நடக்கின்றன. அவற்றை இறக்கையே வாங்கிக்கொண்டிருக்கிறது. எந்த வேலை எங்கே ஒளிந்திருக்கிறது என்று ஒவ்வொன்றாகத் தேடிப் பார்ப்போம்.

காலண்டர் தாளில் ஒரு சோதனை

வீட்டிலேயே தொடங்கலாம். தினசரி காலண்டரிலிருந்து நேற்றைய தாளைக் கிழித்து, தலைக்கு மேலே தூக்கிப் பிடித்து, படுக்கை வாட்டில் விடுங்கள். புரண்டு, சறுக்கி, மறுபடி புரண்டு எங்கேயோ போய் விழும். அடுத்து, அதே தாளின் நீண்ட ஓரத்தை ஒரு விரல் அகலத்துக்கு நான்கைந்து முறை மடித்து மடித்து அழுத்துங்கள். மடிப்பு முன்பக்கம் இருக்கும்படி மெல்லத் தள்ளிவிட்டால் இப்போது புரளாது. ஆனால் மூக்கைக் குத்திக்கொண்டு தரைக்குப் பாயும். மூன்றாவதாக, பின் ஓரத்தை நகத்தால் நீவி ஒரு நூலளவு மேல்நோக்கி வளையுங்கள். மறுபடி விடுங்கள். தாள் அறையின் குறுக்கே வழுக்கிக்கொண்டு போகும்.

இந்த மூன்று சோதனைகளில் பறக்கும் இறக்கையின் பாதி ரகசியம் வெளிவந்துவிட்டது. முன்னால் எடை, பின்னால் மேல்நோக்கிய வளைவு. இரண்டும் ஒன்றையொன்று எதிர்த்து நின்று சமன் செய்துகொள்கின்றன.

காரணம் தராசுதான். பறக்கும் எந்தப் பொருளுக்கும் இரண்டு புள்ளிகள் முக்கியம். ஒன்று எடை மையம். பொருளின் மொத்த எடையும் குவிந்திருப்பதாகக் கொள்ளத்தக்க இடம். மற்றொன்று நடுநிலைப் புள்ளி. காற்று திடீரென்று இறக்கையை மேலே உந்தினால், அந்தக் கூடுதல் உந்துதல் முழுவதும் எந்த இடத்தில் விழுகிறதோ அதுவே நடுநிலைப் புள்ளி. எடை மையம் இதற்கு முன்னால் இருக்க வேண்டும். இருந்தால், காற்று மூக்கைத் தூக்கும்போது உந்துதல் எடைக்குப் பின்னால் விழும், பின்பக்கம் உயரும், மூக்கு தானாகத் தாழ்ந்து பழைய நிலைக்கு வரும். எடை பின்னால் போய்விட்டால் எல்லாம் தலைகீழ். தூக்கிய மூக்கு மேலும் தூக்கிக்கொள்ளும்.

ஆனால் எடை முன்னால் இருந்தால் விமானம் எப்போதும் மூக்கைக் குத்தப் பார்க்குமே? சாதாரண விமானத்தில் அதைத் தடுப்பது வால். பின்னால் தொலைவில் நின்று, பின்பக்கத்தைச் சற்றே கீழே அழுத்தி, மூக்கை நிமிர்த்தி வைத்திருக்கிறது. பறக்கும் இறக்கையில் அந்த அழுத்தத்தைத் தருவது, நீங்கள் நகத்தால் நீவிய அந்தப் பின் ஓரம். இறக்கையின் குறுக்குவெட்டு முன்பாதியில் வழக்கம்போல் மேல்நோக்கிக் குவிந்து, கடைசியில் மட்டும் ஒரு எஸ் எழுத்தைப் போல் மேலே மறிந்து நிற்கும். இதை மறிவளைவு என்று சொல்லலாம். வாலின் முதல் வேலை இங்கே ஒளிந்திருக்கிறது.

அல்வாவில் இறங்கும் கம்பி

இந்த வளைவை எதில் செதுக்குவது? தூத்துக்குடி மீன்பிடித் துறைமுகத்தில் ஐஸ் போட்டு மீன் அடுக்கும் வெள்ளைப் பெட்டிகளைப் பார்த்திருப்பீர்கள். அதே தெர்மாக்கோல்தான். அதன் கன அளவில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேல் வெறும் காற்று. எங்கள் விமானத்தின் முழு இறக்கைக்கும் சேர்த்து ஏறத்தாழ 80 கிராம் தெர்மாக்கோல் போதும். இரண்டு கோழிமுட்டையின் எடைகூட இல்லை.

கத்தியால் அறுத்தால் மணிமணியாக உதிரும். அதனால் சூடான கம்பி. வில்லைப் போல் இழுத்துக் கட்டிய நிக்ரோம் கம்பியில் 12 வோல்ட் மின்சாரம் பாய்ச்சினால், அல்வாவில் கத்தி இறங்குவது போல் தெர்மாக்கோலுக்குள் இறங்கும். பலகையின் இரு முனைகளிலும் அட்டையில் வெட்டிய வடிவங்களை ஒட்டி, அவற்றின் மேல் கம்பியை வழுக்கவிட வேண்டும். இதில் ஒரு நுணுக்கம் உண்டு. நடுப்பக்க வடிவம் 30 செ.மீ. நீளம், நுனிப்பக்கம் 18 செ.மீ. கம்பியின் இரு முனைகளும் வெவ்வேறு தூரத்தை ஒரே நேரத்தில் கடந்தாக வேண்டும். அதற்காக இரு வடிவங்களையும் பத்துச் சம பாகங்களாகப் பிரித்து எண் எழுதினோம். நான் ஒரு பக்கம், மருமகன் மறுபக்கம். அவன் “மூணு” என்னும்போது நானும் மூன்றில் இருப்பேன். “நாலு” என்னும்போது நான்கில். யாராவது ஒருவர் நொடி நேரம் தாமதித்தால் அந்த இடத்தில் கம்பி உருக்கி ஒரு பள்ளம் போட்டுவிடும். முதல் இறக்கையில் ஆறாம் எண்ணருகே இருக்கும் பள்ளம் என்னுடையது.

ஒட்டுவதிலும் கவனம் வேண்டும். சட்டென்று பிடிக்கும் ஃபெவிக்விக் போன்ற பசைகள் தெர்மாக்கோலையே கரைத்துத் தின்றுவிடும். தச்சர்கள் பயன்படுத்தும் வெள்ளைப் பசைதான் அதற்கு நண்பன். இரவு முழுவதும் காய விட வேண்டும். முன்விளிம்புக்குள் மூங்கில் சிலாம்பு ஒன்று எலும்பாக நிற்கிறது. மேலே பழுப்பு நிற பேக்கிங் டேப் தோலாகிறது. தனித்தனியே ஒடியக்கூடிய மூன்று பொருள்கள், ஒட்டிச் சேர்ந்ததும் கையால் வளைக்க முடியாத இறக்கையாகின்றன. மூங்கில் வளைவைத் தாங்குகிறது, டேப் இழுவையைத் தாங்குகிறது, தெர்மாக்கோல் இரண்டையும் விலகாமல் பிடித்து நிற்கிறது.

முடிந்த இறக்கையின் பரப்பு 0.24 சதுர மீட்டர். விரித்த செய்தித்தாள் ஒன்றில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு. இது காற்றில் மணிக்கு 43 கி.மீ. வேகத்தில் போகும்போது ஒரு நொடியில் தொட்டுத் திருப்பும் காற்றின் எடை என்ன தெரியுமா? ஏறத்தாழ 11 கிலோ. 25 கிலோ அரிசிச் சிப்பத்தில் பாதிக்குச் சற்றுக் குறைவான எடையுள்ள காற்றை, ஒவ்வொரு நொடியும், நொடிக்கு அரை மீட்டர் வேகத்தில் கீழே தள்ளிக்கொண்டே போகிறது. அந்தத் தள்ளலுக்குக் கிடைக்கும் பதில்தான் 600 கிராமைத் தாங்குகிறது.

இரண்டு செ.மீ. வாழ்க்கை

இனி எடை மையம். எங்கள் இறக்கையின் அளவுகளை வைத்துக் கணக்குப் போட்டால், நடுநிலைப் புள்ளி மூக்கிலிருந்து 15.3 செ.மீ. பின்னால் வருகிறது. எடை மையம் அதற்கு 2 செ.மீ. முன்னால், 13.3 செ.மீ.யில் நிற்க வேண்டும். ஒரு மீட்டர் விமானத்தின் உயிர் அந்த 2 செ.மீ. இடைவெளியில் இருக்கிறது. நீண்ட வாலுள்ள விமானம் இந்த விஷயத்தில் தாராளமானது. சற்று முன்பின் ஆனாலும் பொறுத்துக்கொள்ளும். பறக்கும் இறக்கை பொறுக்காது.

அதை நான் கற்றது தை மாதத்தில். பேட்டரி அதன் குழிக்குள் முழுதாகப் போகவில்லை. மூடி பொருந்தட்டுமே என்று 7 செ.மீ. பின்னால் தள்ளி வைத்துவிட்டேன். மருமகன் எறிந்தான். விமானம் மூக்கைத் தூக்கியது. நான் தாழ்த்தினேன், அது இன்னும் தூக்கியது. தலைக்கு மேலே அப்படியே மல்லாந்து, வேலியோரச் சீமைக்கருவேல மரத்துக்குள் போய் விழுந்தது. முள் குத்திய கையோடு வீட்டில் உட்கார்ந்து கணக்குப் பார்த்தேன். பேட்டரி 180 கிராம். அதை 7 செ.மீ. நகர்த்தினால் 600 கிராம் விமானத்தின் எடை மையம் 2.1 செ.மீ. நகரும். இருந்த இடைவெளி 2 செ.மீ. காற்று துல்லியமாகத்தான் கணக்குப் பார்த்திருக்கிறது. அன்றே இறக்கையின் அடியில், 13.3 செ.மீ.யில், கறுப்பு மையால் ஒரு கோடு போட்டோம். கோட்டில் இரு விரல்களை வைத்துத் தூக்கினால் விமானம் தட்டையாக நிற்க வேண்டும். நிற்காவிட்டால் பறக்கவிடுவதில்லை.

பூசணிக் குடும்பத்து விமானி

இறக்கையைப் பின்னோக்கிச் சாய்த்திருப்பது அழகுக்காக இல்லை. சாய்த்ததும் நுனிகள் எடை மையத்துக்குப் பின்னால் போய்விடுகின்றன. பின்னால் நிற்கும் எதற்கும் வாலாக வேலை செய்யும் தகுதி வந்துவிடுகிறது. அந்த நுனிகளை நடுப்பகுதியைவிட இரண்டு மூன்று பாகை கீழ்நோக்கித் திருகி வைப்பார்கள். இது நுனித் திருகல். நுனி குறைவாகத் தூக்கும். அதனால் பின்பக்கம் தாழ்ந்து மூக்கு நிமிரும். இன்னொரு நன்மையும் உண்டு. வேகம் மிகவும் குறைந்தால் இறக்கை காற்றின் பிடியை இழக்கும். எங்கள் விமானத்துக்கு அந்த எல்லை மணிக்கு 26 கி.மீ. அருகே, அதாவது வேகமாக மிதிக்கும் சைக்கிள். திருகல் இருந்தால் நடுப்பகுதி முதலில் பிடி இழக்கும். நுனிகள் கடைசிவரை பிடித்திருக்கும். விமானம் ஒரு பக்கமாகக் கவிழாமல், மூக்கைத் தாழ்த்தி வேகத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளும்.

இதை மனிதனுக்கு முன்பே ஒரு கொடி கண்டுபிடித்துவிட்டது. இந்தோனேசியா, மலேசியக் காடுகளில் உயர்ந்த மரங்களில் படரும் ஆல்சோமித்ரா என்ற கொடி, நம் வீட்டுக் கூரையில் ஏறும் பூசணி, சுரை, பாகலின் உறவுக்காரி. அதன் காய்க்குள் நூற்றுக்கணக்கான விதைகள். ஒவ்வொரு விதையின் இருபுறமும் வெங்காயத் தோலைவிட மெல்லிய படலம், 13 செ.மீ. அகலத்துக்கு விரிந்திருக்கும். எடையான விதை முன்பக்கம் நடுவில். படலம் பின்னோக்கி வளைந்து. நம் காலண்டர் தாளின் அதே ஏற்பாடு. காய் வெடித்துக் கழன்ற விதை, நொடிக்கு ஏறத்தாழ அரை மீட்டர் மட்டுமே இறங்கி, பெரிய வட்டங்கள் போட்டுக்கொண்டு தாய்க்கொடியை விட்டு வெகுதூரம் போகும். ஆஸ்திரியாவின் இகோ எட்ரிச் இந்த விதையைப் பார்த்துத்தான் 1900களின் தொடக்கத்தில் வாலில்லாத சறுக்கு விமானம் செய்தார்.

இங்கிலாந்தில் ஜே. டபிள்யூ. டன் என்பவர் சாய்வையும் திருகலையும் சேர்த்து, மோட்டார் பொருத்திய வாலில்லா விமானத்தையே கட்டினார். 1910 டிசம்பரில் அவர் அதைப் பறக்கவிட்டபோது கீழே நின்று பார்த்தவர்களில் ஒருவர் ஆர்வில் ரைட். டன் நடுவானில் இரு கைகளையும் விசைகளிலிருந்து எடுத்துவிட்டு, ஒரு தாளில் குறிப்பு எழுதினார். மற்ற விமானிகள் ஒரு நொடி கையெடுத்தால் உயிர் போகும் என்றிருந்த காலம் அது.

நம் கடலிலும் இந்த வடிவம் உண்டு. மன்னார் வளைகுடாவின் முத்துப்பார்களுக்கு மேலே நீந்தும் கொம்புத் திருக்கையை நினைத்துக்கொள்ளுங்கள். உடம்பும் செட்டையும் ஒன்றாகிப்போன முக்கோணம். பின்னால் தொங்கும் சாட்டை வாலை நம்பி அது நீந்துவதில்லை. இறக்கை போன்ற செட்டைகளை அசைத்தே திரும்புகிறது, ஏறுகிறது, இறங்குகிறது. காற்றைவிட 800 மடங்குக்கு மேல் கனமான கடல்நீரில் அது மெதுவாகச் செய்வதை, நாங்கள் காற்றில் வேகமாகச் செய்யப் பார்க்கிறோம்.

ஒரு மடலுக்கு இரண்டு வேலை

சாதாரண விமானத்தில் மூக்கை ஏற்றி இறக்க வாலில் ஒரு மடல், பக்கவாட்டில் சாய இறக்கைகளில் இரண்டு மடல்கள். பறக்கும் இறக்கையில் மொத்தமே இரண்டுதான். பின்விளிம்பில் இடது ஒன்று, வலது ஒன்று. இவற்றை ஆங்கிலத்தில் எலிவான் என்பார்கள். நாம் இருபணி மடல் என்போம். இரண்டும் சேர்ந்து உயர்ந்தால் மூக்கு ஏறும். ஒன்று உயர்ந்து மற்றது தாழ்ந்தால் விமானம் சாயும்.

ஏறிக்கொண்டே சாயவும் வேண்டுமென்றால்? கையிலிருக்கும் ரிமோட் கூட்டிக் கழித்துக்கொள்கிறது. ஏறுவதற்கு 6 மி.மீ., சாய்வதற்கு 4 மி.மீ. என்று விரல்கள் சொன்னால், ஒரு மடலுக்கு 6உம் 4உம் கூட்டி 10, மற்றதற்கு 6இலிருந்து 4ஐக் கழித்து 2. இரண்டாம் வகுப்புக் கணக்கு. அதை நொடிக்கு 50 முறை போட்டுக்கொண்டே இருக்கிறது.

மடலை அசைப்பது செர்வோ என்ற சிறு பெட்டி. எடை 9 கிராம். ஒரு பவுன் நகையைவிட ஒரு கிராம் கூடுதல். அதற்குள் ஒரு மோட்டார், பல்சக்கரங்கள், ‘இப்போது எவ்வளவு திரும்பியிருக்கிறேன்’ என்று அளக்கும் ஒரு மின்தடை, கேட்டதையும் இருப்பதையும் ஒப்பிடும் ஒரு சிறு சுற்று. கட்டளை வருவது மின்துடிப்பின் நீளமாக. துடிப்பு ஒரு நொடியின் 1000இல் ஒன்றரைப் பங்கு நீடித்தால் ‘நடுவில் நில்’ என்று பொருள். ஒரு பங்கானால் ஒரு கோடிக்கு, இரண்டு பங்கானால் மறுகோடிக்கு. கண் இமைப்பதற்குள் 60 பாகை திரும்பி நிற்கும். அதையும் மடலையும் இணைப்பது சைக்கிள் சக்கரத்தின் ஸ்போக்ஸ் கம்பி.

வாலை விட்டதற்கு ஒரு விலையும் உண்டு. மூக்கைத் தூக்க மடல்களை உயர்த்தும்போது இறக்கையின் பின்பகுதி கீழே அழுத்தப்படுகிறது. அதனால் விமானம் ஏறுவதற்கு முன் ஒரு கணம் தாழும். தரைக்குப் பக்கத்தில் பறக்கும்போது இதை மறக்கவே கூடாது.

மூக்கு எந்தப் பக்கம்?

இன்னும் ஒரு வேலை பாக்கி. செங்குத்தாக நிற்கும் வால், அம்பின் இறகு போல், மூக்கை இடம்வலம் அலையவிடாமல் வைக்கிறது. இங்கே அதில் ஒரு பகுதியை இறக்கையின் பின்னோக்கிய சாய்வே செய்துவிடுகிறது. மூக்கு வலப்பக்கம் திரும்பினால், சாய்ந்திருந்த இடது இறக்கை காற்றுக்கு நேராக வந்துவிடும். நேராக நிற்பதைக் காற்று கூடுதலாகத் தள்ளும். இடது இறக்கை பின்னுக்குப் போக, மூக்கு பழைய திசைக்குத் திரும்பும். போதாத மிச்சத்துக்கு, நுனிகளில் விளம்பரப் பலகைக்குப் பயன்படும் சன்பேக் அட்டையில் கையகலத் தகடுகளை நிறுத்தியிருக்கிறோம்.

அந்தத் தகடுகூட இல்லாமல் பறக்க முடியுமா? 1933இல் ஜெர்மனியின் லுட்விக் பிராண்டில், இறக்கையின் தூக்குவிசை நடுவில் மிகுந்து நுனியை நோக்கி மணியின் வடிவில் தேய்ந்து போனால் என்ன ஆகும் என்று கணக்கிட்டார். அப்படிச் செய்தால் நுனியில் காற்று விமானத்தை முன்னோக்கி மெல்ல இழுக்கும். எந்தப் பக்கம் சாய்கிறோமோ அந்தப் பக்கமே மூக்கும் திரும்பும். பறவைக்குச் செங்குத்து வால் இல்லாததன் விளக்கம் இதில் இருக்கலாம் என்று கருதிய நாசாவின் ஆம்ஸ்ட்ராங் ஆய்வு மையத்தினர், அந்தக் கணக்கில் சிறு சறுக்கு விமானங்களைக் கட்டிப் பறக்கவிட்டுக் காட்டினார்கள். அவையும் நம்முடையதைப் போல் ரிமோட்டில் பறந்தவைதாம்.

பெரிய விமானத்தில் இது எளிதாக இருக்கவில்லை. அமெரிக்காவின் ஜாக் நார்த்ராப் வாழ்நாள் முழுதும் பறக்கும் இறக்கையைக் கனவு கண்டவர். அவருடைய ஒய்.பி.-49 என்ற ஜெட் விமானம் 1947இல் பறந்தது. 172 அடி அகலம். அடுத்த ஆண்டு ஒன்று விழுந்து நொறுங்கியது, திட்டமும் கைவிடப்பட்டது. அது முதலில் பறந்து 42 ஆண்டுகள் கழித்து, 1989 ஜூலையில் பி-2 விமானம் பறந்தது. அதன் அகலமும் அதே 172 அடி. இடையில் வந்து சேர்ந்தது கணினி. பி-2இன் நுனி மடல்கள் புத்தகம் போல் மேலும் கீழுமாக விரியும். விரிந்த பக்கம் காற்று தடுக்கும். மூக்கு அந்தப் பக்கம் திரும்பும். எந்தக் கணத்தில் எவ்வளவு விரிய வேண்டும் என்பதைக் கணினி முடிவு செய்கிறது.

மூன்றாவது கம்பியின் ஒற்று

எங்கள் விமானத்தைத் தள்ளும் மோட்டார் 50 கிராம். மிக்ஸிக்குள் இருக்கும் மோட்டாரில் கார்பன் பிரஷ் தேயும், பொறி பறக்கும், மாற்ற வேண்டியிருக்கும். இதில் பிரஷ் கிடையாது. புதிதாக வரும் பி.எல்.டி.சி. சீலிங் ஃபேனில் சுழல்வதும் இதே குடும்பத்து மோட்டார்தான். சீலிங் ஃபேன் நிமிடத்துக்கு ஏறத்தாழ 350 சுற்று, இது 12,000.

மோட்டாரின் உறைக்குள் 14 காந்தங்கள். நடுவில் கம்பிச் சுருள்கள். அவற்றிலிருந்து மூன்றே மூன்று கம்பிகள் வெளியே வருகின்றன. எந்த நேரமும் இரண்டு கம்பிகளில் மட்டும் மின்சாரம் பாயும். காந்தம் இழுபட்டு நகர்ந்ததும் அடுத்த இரண்டுக்கு மாற வேண்டும். 12,000 சுற்று வேகத்தில் இந்த மாற்றம் நொடிக்கு 8,400 முறை நடக்கிறது. மாற்ற வேண்டிய கணம் எது என்று வேகக் கட்டுப்பாட்டுக் கருவிக்கு யார் சொல்கிறார்கள்? மின்சாரம் பாயாமல் சும்மா இருக்கும் அந்த மூன்றாவது கம்பி. அதைக் கடந்து காந்தம் ஓடும்போது அதில் ஒரு சிறு மின்னழுத்தம் பிறக்கும். கருவி அதை ஒட்டுக்கேட்டு, காந்தம் எங்கே இருக்கிறது என்று அறிந்துகொள்கிறது. ஓய்வில் இருப்பவனே உளவாளி.

இத்தனைக்கும் செலவு எவ்வளவு? நிதானமாகப் பறக்கும்போது 30, 40 வாட். ஒரு பி.எல்.டி.சி. ஃபேன் ஓடும் மின்சாரம். பேட்டரியில் இருப்பது 24 வாட் மணி. உங்கள் கைப்பேசி பேட்டரியைவிடச் சற்றே கூடுதல். அரை மணி நேரம் பறக்க அது போதும். வீட்டு மீட்டரில் ஒரு யூனிட் ஓடுவதற்குள் இதை முப்பது முறைக்கு மேல் சார்ஜ் செய்துவிடலாம்.

விரலின் கட்டளை வானுக்குப் போவது வைஃபை பயன்படுத்தும் அதே அலைவரிசையில், நொடிக்கு 240 கோடி அதிர்வாக. அலையின் நீளம் 12.5 செ.மீ. அதனால் வாங்கியின், அதாவது ரிசீவரின், ஆன்டெனா அதில் கால் பங்கு இருந்தால் போதும், சுண்டுவிரலின் பாதி. பக்கத்தில் வேறு யாராவது அதே வரிசையில் பேசினால்? ரிமோட்டும் வாங்கியும் முன்பே பேசிவைத்த ஒழுங்கில் நொடிக்குப் பல முறை அலைவரிசை மாறித் தாவிக்கொண்டே இருக்கின்றன. அந்த ஒழுங்கு தெரியாத வேறொருவரால் பின்தொடர முடியாது.

சித்ரதுர்காவில் ஒரு டிசம்பர்

இதே வடிவத்தை இந்தியா பெரிதாகவும் கட்டியிருக்கிறது. 2022 ஜூலை 1 அன்று, கர்நாடகத்தின் சித்ரதுர்கா சோதனைத் தளத்திலிருந்து, ஆளில்லாத, தானே இயங்கும் பறக்கும் இறக்கை விமானம் ஒன்று முதன்முறையாகப் பறந்தது. 2023 டிசம்பரில் அது வாலில்லாத வடிவில் பறந்து, தரையில் ரேடாரோ விமானியோ உதவாமல், நம் நாட்டின் ககன் செயற்கைக்கோள் வழிகாட்டலைத் துணைகொண்டு தானே இறங்கியது. செய்தது, பாதுகாப்பு ஆராய்ச்சி அமைப்பின் பெங்களூரு ஆய்வகமான ஏ.டி.இ. மன்னார் வளைகுடாவின் மறுமுனையில், ராமேஸ்வரத்தில் பிறந்து, சென்னை எம்.ஐ.டி.யில் விமானப் பொறியியல் படித்த அப்துல் கலாம் இளம் பொறியாளராக வேலை பார்த்த ஆய்வகம் அது. தரைக்கு மேல் மிதந்து ஓடும் ‘நந்தி’ என்ற ஊர்தியை அவர் உருவாக்கியது அங்கேதான்.

சித்ரதுர்காவில் பறந்ததற்கும் எங்கள் தெர்மாக்கோலுக்கும் பணத்திலும் திறனிலும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். ஆனால் இரண்டும் பதில் சொல்லியாக வேண்டிய கேள்வி ஒன்றே. பெரியவர் கேட்ட கேள்விதான்.

விடவா மாமா?

பறக்கவிட மாசி, பங்குனிக் காலைகள் நல்லவை. பயிர் அறுப்பு முடிந்து காடு காலியாக இருக்கும். வெயில் ஏறும் வரை காற்றும் அடங்கியிருக்கும். ஆடியில் முடியாது. செங்கோட்டைக் கணவாய் வழியாகப் பாய்ந்து வரும் காற்று மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் அடித்தால், 43 கி.மீ. வேகத்தில் எதிர்த்துப் பறக்கும் விமானம் தரையிலிருந்து பார்ப்பவருக்கு மணிக்கு 3 கி.மீ. நகரும், ஆட்டுக்குட்டியின் நடை. அந்தக் காற்றை நம்பித்தான் 1986இலேயே தூத்துக்குடியை ஒட்டிய முள்ளக்காட்டில் காற்றாலைகள் நட்டார்கள். இன்று கயத்தாறு வரை வரிசையாகச் சுழலும் அந்த அலகுகளும் எங்கள் இறக்கையும் ஒரே விதியின் பிள்ளைகள்.

கிளம்பும் முன், இடத்தையும் உயரத்தையும் அரசின் ட்ரோன் வரைபடத்தில் பார்த்துக்கொண்டோம். 2021ஆம் ஆண்டு விதிப்படி பச்சை நிறப் பகுதியில் 400 அடிக்குக் கீழேதான் பறக்க வேண்டும். வாகைக்குளம் விமான நிலையம் இங்கிருந்து ஏறத்தாழ 20 கி.மீ. தள்ளி இருக்கிறது.

மருமகன் விமானத்தைத் தலைக்கு மேலே பிடித்தான். விசிறி பின்னால் இருப்பதால், கையை விட்டு விமானம் போன பிறகே மோட்டாரை ஓட்ட வேண்டும். இல்லையென்றால் விரல் போகும். “விடவா மாமா?” என்றான். “விடு.” எறிந்தான். ஒரு கணம் அது தாழ்ந்தது. மோட்டாரை முடுக்கினேன். வண்டு ரீங்கரிப்பது போல் சத்தம் எழுந்தது. தாழ்ந்த மூக்கு தானாக நிமிர்ந்தது. ஆடுகள் தலை தூக்கிப் பார்த்தன. வெடித்துக் கிடந்த கரிசல் மண்ணின் மேல் அதன் நிழல், திருக்கையின் நிழல் போல ஓடியது. ஒரு தடவை, டன்னை நினைத்து, இரு கட்டைவிரல்களையும் விசைகளிலிருந்து எடுத்தேன். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று எண்ணினேன். அது தன் பாட்டுக்கு நேராகப் போய்க்கொண்டிருந்தது.

இறக்கிய பிறகு பெரியவர் அதைக் கையில் வாங்கிப் பார்த்தார். திருப்பினார், தட்டினார், பின்விளிம்பு மேலே மறிந்திருப்பதைக் கட்டைவிரலால் தடவினார். மறுபடி மேற்புறம் தெரியும்படி பிடித்து, அடியில் இரு விரல்களைக் கொடுத்து, முன்னும் பின்னும் நகர்த்தி, அது ஆடாமல் நின்ற இடத்தில் நிறுத்தினார்.

“தொரட்டியத் தோள்ல போடுற மாதிரிதான். நடுவுல போட்டா ஆடும். அருவா பக்கம் தள்ளிப் போடணும்” என்றார்.

குனிந்து அடியில் பார்த்தேன். அவருடைய விரல்கள் இரண்டும் எங்கள் கறுப்புக் கோட்டின் மேல் இருந்தன.